நாலு எம்பி

ஆஸ்பத்திரியில் அவனை எல்லாரும் கம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளும் கம்பி, வேலையும் கம்பியோடு. ரவுட்டர் வழியாக எந்த அறை எவ்வளவு நெட்டை இழுக்கிறது என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பவன். அன்று மத்தியானம் நாற்காலியில் முள் முளைத்த மாதிரி நெளிந்துகொண்டிருந்தான்.

ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் அவன் அக்கா ஃபோனில் பிடித்துக்கொண்டாள்.

"படம் நகரவே மாட்டேங்குதுடா. பஸ் டிரைவர் ஒருத்தர் வாய் கோணிப்போய்க் கிடக்கார். வெளியூர் டாக்டர் மூளைப் படத்தைப் பாத்துச் சொன்னாத்தான் மருந்து ஏத்த முடியும். லேட்டானா கை கால் விளங்காமப் போயிடும்."

"பாத்துட்டுதான்க்கா இருக்கேன்."

"பாரு, பாரு. சினிமா பாக்கிற மாதிரி பாரு."

ஏதோ ஓர் அறை நெட்டை மொத்தமாக விழுங்குகிறது என்று முடிவுகட்டிக் கணக்குப் பிரிவுக்கு ஓடினான். இணைப்பைப் பிடுங்கினான்.

"ஸ்கேன் ரூம் எங்க நெட்டைத் தின்னுதுன்னு காலையிலதான் சொன்னோம். இப்ப எங்க வாயிலேயே மண்ணைப் போடுறியே" என்றார் கணக்கர்.

கேண்டீன் டிவியையும் அணைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினான். திரையில், கட்டடம் முழுக்க இழுக்கும் நெட்டைக் காட்டும் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. ஸ்கேன் அறையின் கோடு மட்டும் அசையவில்லை.

நெரிசலில் மாட்டிய கோடு ஏறும், இறங்கும், நடுங்கும். இது ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி தட்டையாக இருந்தது. இதற்கு மேல் ஏறாதே என்று அதன் தலைக்கு மேல் யாரோ பலகை அடித்திருக்கிறார்கள்.

அடித்தவன் அவனேதான். காலையில் கணக்கரின் புகாரைக் கேட்டு, "ஸ்கேன் ரூமுக்கு செகண்டுக்கு நாலு எம்பி மட்டும் விடு, ஒரு நிமிஷத்துல படம் போயிடும்" என்று பெரிய இன்ஜினியர் ஃபோனில் சொல்லியிருந்தார். கணக்குப் போட்டுச் சொன்ன ஆள் என்பதால் சந்தேகமே வராமல் ரவுட்டரில் நாலு என்று அடித்திருந்தான். உடனே அவரை அழைத்தான்.

"சார், அந்த நாலு எம்பி... பெரிய பியா, சின்ன பியா?"

"படத்தோட சைஸைத்தானப்பா பேசினோம். பெரிய பி. மெகாபைட்."

கம்பி உள்ளங்கையைப் பார்த்தான். காலையில் பேனாவால் எழுதிய 'நாலு எம்பி' வியர்வையில் கலங்கியிருந்தது. தமிழில் ஏது பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்? ரவுட்டருக்குத் தெரிந்ததோ சின்ன பி, வெறும் பிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டில் ஒரு பங்கு கதவைத் திறந்துவைத்துவிட்டு ஊரெல்லாம் திருடனைத் தேடியிருக்கிறான்.

நாலை அழித்து முப்பத்திரண்டு என்று அடித்தான். கோடு ஒரே எம்பாக எம்பியது.

கொஞ்ச நேரத்தில் அக்கா பேசினாள். "படம் போயிடுச்சு. டாக்டர் மருந்து ஏத்தச் சொல்லிட்டார், ஏறிக்கிட்டிருக்கு. எவன்டா அடைச்சு வச்சிருந்தான்?"

"நான்தான்க்கா."



"சரி. அவர் கையைத் தூக்குறாரான்னு பாத்துட்டு உன்கிட்ட வரேன்."

படத்தை அனுப்பி முடித்த கோடு கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது. கம்பிக்குத்தான் உட்கார முடியவில்லை. ஃபோனைக் கையில் பிடித்தபடி அறைக்குள் நடந்துகொண்டே இருந்தான்.