நிலாந்தியின் உடம்புக்கு என்னைத் தெரியும்

நயினாதீவில் பூசை செய்யும், கலியாணப் பொருத்தமும் பார்க்கும் ஐயர் நான். என் மனைவி நிலாந்தியின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதானபோது, "எங்களுக்குப் பத்தில ஒன்பது பொருத்தம், என்ர ஒண்டைக் குடுக்கிறன்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து சனம் என்னைக் கொஞ்சம் கூடக் குனிந்து கும்பிட்டது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டர் மிதுஷா தலையை ஆட்டினார்.

"உங்கட அர்ச்சனைத் தட்டு மாதிரித்தான் ஐயா. உடம்பில ஒவ்வொரு கலமும் தனக்குள்ள இருக்கிறதில ஒரு துண்டைத் தட்டில வைச்சு வெளியில நீட்டிக்கொண்டு நிக்கும். ரி கலங்கள் எண்ட காவல்காரர் சுத்தி வந்து பாப்பினம். துண்டை மட்டுமில்லை, தட்டையும் சேர்த்துத்தான். தட்டு ஆளுக்காள் வேறை. பாதி அப்பாவின்ர, பாதி அம்மாவின்ர. தட்டு பிறத்தியெண்டால் அடிதான்."

"இருபது வருஷமாச்சு. இன்னும் நான் பிறத்தியோ?"

"அதுதான் கரைச்சல். இரண்டு பிள்ளை சுமந்தவ. பிள்ளையளில உங்கட பாதி இருந்தது. அப்பவே அவவின்ர உடம்பு உங்களை அடையாளம் கண்டு, எதிர்க்கப் பழகி, ஞாபகமும் வைச்சிருக்கு. உங்கட சிறுநீரகம் அவவுக்கு ஏலாது. கூடப்பிறந்தவை ஆரும் இருக்கினமோ?"

பக்கத்தில் இருந்த நிலாந்தி பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். "நான் எதிர்க்காமல் இருந்தனான் எண்டெல்லோ நினைச்சனான்."

அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒருவன்தான், தம்பி வாகீசன். பதினான்கு வருடங்களுக்கு முன் அவன் கஜானியை விரும்பியபோது, சாதகம் பொருந்தவில்லை, மூன்று வருடம் தாங்காது என்றவன் நான். கலியாணத்துக்கு நிலாந்தியையும் போகவிடவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை.

அடுத்த நாள் படகேறி, பஸ் ஏறி, அவன் இருக்கும் கரம்பொன்னுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு நீண்ட பேச்சை மனப்பாடம் செய்தேன். அவனைக் கண்டதும் நாலு சொல்தான் வந்தது.

"அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் வேணும்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "எனக்கும் அக்காவுக்கும் பொருத்தம் பாத்தாச்சோ, அத்தான்?"

"இல்லை. டொக்டர்தான் பாக்கோணும்."

"அது நல்லது."

கஜானி தேத்தண்ணீரை என் முன் வைத்தாள். "இவர் பரிசோதனைக்கு இரத்தம் குடுக்க வருவார். நானும் வருவன். மச்சாளை எனக்கும் பாக்கோணும்." நான் அன்று பார்த்த சாதகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேத்தண்ணீர் இறங்கியிருக்கும்.

மூன்று கிழமை கழித்து, டொக்டரின் அறையில் நால்வரும் இருந்தோம். நிலாந்தியும் வாகீசனும் ஆளையாள் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தட்டு பாதிதான் ஒத்துவருது" என்றார் மிதுஷா. "ஆனால் அது போதும். மிச்சத்தைக் குளிசை மருந்தால சமாளிக்கலாம். தம்பிக்கு எதிரா அவவின்ர உடம்பில ஒரு ஞாபகமும் இல்லை."

வாகீசன் தன் கதிரையை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டான். நிலாந்தி அவன் முழங்கையைப் பிடித்தாள், விடவில்லை.

"எப்ப ஒப்பறேசன்?" என்று கஜானிதான் கேட்டாள்.