பாட்டை எடுத்துக்கொள்ளட்டும்

என் அண்ணன் எம்மெட்டுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அண்ணி டோரீனுக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் எங்கள் ஊரான ராச்செஸ்டரில் அவர்களைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், கையால் பேசுவதை எங்கள் தெருவில் யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் காது கேட்பவள் நான் ஒருத்திதான். நானும் முதலில் பேசக் கற்றது கையால்தான்.

எம்மெட் முப்பது வருடம் செய்தித்தாள் அச்சகத்தில் வேலை பார்த்தான். ஓய்வு பெற்ற பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தான். பள்ளி விடுதியில் செய்த குறும்புகள், அச்சகத்து மேஸ்திரியின் பொய்ப்பல், எங்கள் அப்பா வாங்கிய ஓடாத கார் என்று ஒவ்வொரு கதையையும் முகமும் தோளும் விரல்களும் சேர்ந்து சொல்லும். டோரீன் போனில் படமெடுத்து, எல்லோரும் பார்க்கும் அந்தப் பெரிய வீடியோ தளத்தில் ஏற்றுவாள். ஏற்றியதும் போனிலிருந்து அழித்துவிடுவாள். “அங்கதான் பத்திரமா இருக்கே” என்பாள். பதினோரு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கதைகள் சேர்ந்தன.

கதை சொல்லும்போது எம்மெட் மேசைமேல் ஒரு ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துக்கொள்வான். முழங்கையை ஊன்றினால் மரம் அதிர்வது தெரிய வேண்டும், அதற்காக. “மேசை தூங்கினா எனக்கும் தூக்கம் வந்துடும்” என்பான். அதனால் எல்லா வீடியோவிலும் ஏதாவது ஒரு பாட்டு அலறிக்கொண்டிருக்கும். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பேன். அது யாருடைய பாட்டு என்ற யோசனை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மார்ச் மாதம் பக்கவாதம் வந்து, மூன்றாம் நாள் எம்மெட் போய்விட்டான்.

மே மாதம் ஒரு காலை டோரீன் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். எம்மெட்டின் வீடியோ பக்கம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி மட்டும் இருந்தது: பதிப்புரிமையை மீறியதால் இந்தக் கணக்கு நீக்கப்பட்டது. அவனுடைய மின்னஞ்சலைத் திறந்தோம். பழைய பாட்டுகளை மொத்தமாக விலைக்கு வாங்கிய ஏதோ ஒரு நிறுவனத்தின் புகார்கள் ஏப்ரலில் மூன்று முறை வந்திருந்தன. மூன்று புகார் வந்தால் கணக்கையே நீக்கிவிடுவார்களாம். இறந்தவனின் மின்னஞ்சலை யார் பார்ப்பார்கள்?

“அந்த மனுஷன் எதைத் திருடினானாம்?” என்று கேட்டாள் டோரீன்.

“பாட்டு. ரேடியோவில ஓடினது வீடியோவிலயும் விழுந்திருக்கு.”

அவள் என் காதைத் தொட்டுக் காட்டினாள். “உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“பதினோரு வருஷமா?”

தலையாட்டினேன்.

“ஏன்டி ஒரு வார்த்தை சொல்லலை?”

நான் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தேன். “என்ன பாட்டு அது?” என்றாள் டோரீன்.

“புகாரில இருக்கிறது ஒரு காதல் பாட்டு. லாரிக்காரன் ஒருத்தனை நினைச்சு ஒரு பொம்பளை அழுறா.”

“எங்க வீட்டுச் செவிடனுக்கு லாரிக்காரன் பாட்டா!” என்று டோரீன் சிரித்தாள். சிரித்த முகத்தோடேயே அழ ஆரம்பித்தாள்.

மேல்முறையீட்டுப் படிவத்தில் இரண்டே கட்டங்கள். பாட்டு உங்களுடையதா? இல்லையென்றால், அனுமதி வாங்கினீர்களா?

“மூணாவதா ஒரு கட்டம் இல்லையா? ‘பாட்டை எடுத்துக்குங்க, ஆளை விட்டுடுங்க’ன்னு?”

இல்லை. கேட்டிருந்தால் நானூற்றுப் பன்னிரண்டிலும் சத்தத்தை மொத்தமாக எடுத்திருப்போம். பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்தேயிருக்காது. இதையெல்லாம் விளக்கி எழுதினேன். நான்காம் நாள் ‘மேக்ஸ்’ என்று கையெழுத்திட்ட பதில் வந்தது: முடிவு இறுதியானது. மேக்ஸ் ஒரு மனிதன் என்று நம்பி டோரீன் எம்மெட்டின் படத்தோடு ஒரு கடிதம் அனுப்பினாள். அதே பதில், எழுத்து மாறாமல் திரும்பி வந்தது.

வெண்டெல் என்பவன் எங்கள் ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான். அவனுக்கும் காது கேட்காது. எங்கள் காதுகேளாதோர் சங்கத்தில் எல்லோரையும் சீண்டிக்கொண்டே இருப்பான். விஷயம் தெரிந்ததும் டோரீன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“அடுத்தவன் மாளிகையில இடம் குடுத்தான்னு குடிபோனா இப்படித்தான். நமக்குன்னு ஒரு கொட்டகை போடுவோம். வீடியோ தளம் நடத்தக் கட்டற்ற மென்பொருள் இருக்கு. காசு கிடையாது, யார் வேணா எடுத்து அவங்க கம்ப்யூட்டர்ல வெச்சு நடத்தலாம். இந்த மாதிரி ஊருக்கு ஊர் சின்னச் சின்னதா நடத்துறாங்க.”

“அங்க லாரிக்காரன் பாட்டு ஓடலாமா?”

“கூடாது. புகார் எனக்கு வரும். ஆனா நான் அதைப் படிப்பேன், உன்கிட்ட வந்து கேட்பேன். மேக்ஸை விட நான் கொஞ்சம் அழகனும்கூட.”

சங்கத்துக் கட்டடத்தின் அடித்தளத்தில், கொதிகலனுக்குப் பின்னால், ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதை நிறுவினான். இனி கதைகள் வேண்டும். யாராவது தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருந்தால் அனுப்புங்கள் என்று எங்கெங்கோ எழுதினோம். கனடாவின் வின்னிபெக்கில் காதுகேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருத்தி இருபத்திரண்டு அனுப்பினாள். மற்றவர்களிடமிருந்து பதினைந்து வந்தன. மொத்தம் முப்பத்தேழு. மீதி எங்குமே இல்லை. எம்மெட்டும் தானும் பஸ்ஸில் சந்தித்த கதையைத்தான் டோரீன் எல்லோரிடமும் கேட்டாள். அது யாரிடமும் இல்லை.

வெண்டெல் சத்தத்தை நீக்குவதற்கு முன் நான் ஒருமுறை கேட்டுவிடுகிறேன் என்றேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு நாள் அந்த அடித்தளத்தில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். பாட்டு, விளம்பரம், மறுபடி பாட்டு. பத்தொன்பதாவது வீடியோவில் இரண்டு பாட்டுக்கு நடுவே ரேடியோ சில நொடி ஓய்ந்தது. அந்த இடைவெளியில் எம்மெட் சிரித்தான். பூட்டிய கதவைத் தோளால் இடிப்பது போன்ற சிரிப்பு. சின்ன வயதில் பக்கத்து அறையிலிருந்து நான் கேட்டு வளர்ந்தது. நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

“என்ன?” என்றான் வெண்டெல்.

“சிரிக்கிறான்.”

“தெரியுதே, கடைவாய்ப் பல்லு வரைக்கும்.”

“சத்தம், வெண்டெல். சிரிக்கிற சத்தம்.”

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். அப்படி ஒன்று அதில் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. “அதை மட்டும் தனியா வெட்டி உனக்குத் தர்றேன்” என்றான்.

டோரீனிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்குக் கிடைக்காத ஒன்றை நான் மட்டும் எடுத்துக்கொண்டதுபோல இருந்தது. மறுநாள் சொன்னேன். எப்படி இருக்கும் என்று கேட்டாள். காட்ட முயன்றேன், கை வரவில்லை. அவள் தன் நெஞ்செலும்பில் உள்ளங்கையை வைத்து மூன்று முறை தட்டினாள். கொஞ்சம் விட்டு, இன்னும் ஒரு முறை.

“இப்படித்தானே? நாற்பது வருஷம் அந்த நெஞ்சு மேலதான் தலை வெச்சுப் படுத்தேன்.”

அப்படியேதான் இருந்தது.

செப்டம்பரில் புதிய தளத்தைத் திறந்தோம். பழைய இடத்தில் எம்மெட்டின் ஒரு கதையை வாரத்துக்கு ஆறாயிரம் பேர் பார்ப்பார்கள். இங்கே முதல் வாரம் பத்தொன்பது பேர். அவர்களில் பதினான்கு பேர் சங்கத்துக்காரர்கள். டோரீன் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அக்டோபரில் பஸ் கதையைத் தானே சொல்கிறேன் என்றாள். அதே மேசையில் உட்கார்ந்தாள். நான் போனைப் பிடித்தேன். நன்றாகத்தான் ஆரம்பித்தாள்: பனி, நிறுத்தம், சில்லறையைக் கீழே கொட்டிய நெட்டைப் பையன். டிரைவர் திரும்பிப் பார்க்கும் இடம் வந்ததும் அவள் கைகள் நின்றுவிட்டன.

“அந்த டிரைவர் மூஞ்சி எனக்கு வரலை. எம்மெட்தான் அதைச் செஞ்சு காட்டுவான்.”

“விடு. நாளைக்கு எடுக்கலாம்.”

“வேண்டாம். இருக்கிறபடியே போடச் சொல்லு.”

வெண்டெல் போட்டான். இரண்டு நிமிடம் பத்து நொடியில் அது பாதியில் நின்றுவிடுகிறது. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டு வின்னிபெக் ஆசிரியை எழுதியிருந்தாள். டோரீன் இன்னும் அவளுக்குப் பதில் எழுதவில்லை.