வாசனை இல்லாத அன்று

அன்று காலையில், குடித்திருக்கிறோமா என்று பார்க்கும் டிப்போ மெஷினில் ஊதிவிட்டுத்தான் பஸ்ஸை எடுத்தேன். பூஜ்ஜியம் காட்டியது. நான்கு வருடமாகவே பூஜ்ஜியம்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று மதியம் இதைச் சொல்ல என் நாக்கு ஒத்துழைக்கவில்லை.

வீடு வந்து, இரண்டு மணிக்கு முகம் கழுவக் குனிந்தேன். குளியலறை பம்பரமாகச் சுற்றியது. குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. எழுந்தால் வலப்பக்கம் சரிகிறேன், பேசினால் கொழகொழவென்று வருகிறது. இருபது வருடம் பஸ் ஓட்டியவன், சொந்த ஹாலைக் கடக்க முடியாமல் சோபாவில் மோதினேன்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர், "என்ன ஆச்சு?" என்றார்.

என் மனைவி முந்திக்கொண்டாள். "குடிச்சிருக்காரு டாக்டர். பழைய பழக்கம்."

"இல்ல" என்றேன். அதுவும் குடிகாரன் உளறலாகத்தான் கேட்டது.

"தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று குளுக்கோஸ் ஏற்றி, மூலைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார் மகராசன். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. கட்டிய மனைவியே சொல்லும்போது அவருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

ஏழு மணிக்கு ஷிப்ட் மாறியது. புதிதாக வந்த டாக்டரம்மா விரலை நீட்டினார். "என் விரலத் தொட்டுட்டு உங்க மூக்கத் தொடுங்க."

என் வலக்கை மூக்கை விட்டுவிட்டுக் கன்னத்தில் குத்தியது. உட்கார வைத்தார், சாய்ந்து விழுந்தேன். உடனே ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு.

"வந்த உடனே பாத்திருந்தா கட்டியக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம்மா. நாலரை மணி நேரம் தாண்டிடுச்சு" என்று என் மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் மூளை வீங்கி எனக்கு நினைவு மங்கியது. பின்மண்டை எலும்பை வெட்டி, வீக்கத்துக்கு இடம் செய்து கொடுத்தார்கள். பிழைத்தேன். ஆனால் இனி ஸ்டியரிங் பிடிக்க முடியாதாம்.

பத்தாம் நாள், சூப் ஊட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். பேச்சு ஓரளவு திரும்பியிருந்தது.

"குடிச்சேன்னு எத வச்சு சொன்ன?"

"நடந்த நடையப் பாத்து."

"வாசன வந்துச்சா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லீங்க. மோந்து பாத்தேன். எதுவும் வரல."

"அப்புறம்?"

"முன்னாடி ஏலக்காய மென்னு என்னை எத்தன தடவ ஏமாத்தியிருக்கீங்க? இதுவும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். நாலு வருஷமா தெனமும் மோந்துதான் பாக்கறேன். நீங்க வீட்டுக்குள்ள வரும்போது."

ஏலக்காய் உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் தினமும் வாசலுக்கே வந்து, பையை வாங்கிக்கொண்டு, என் கழுத்தோரம் ஒரு நொடி முகம் வைப்பாளே, அதுவா? அந்த ஒரு நொடிக்காகத்தான் விட்ட குடியை நான் திரும்பத் தொடாமலே இருந்தேன். அவள் அதில் சோதனை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். டிப்போ மெஷினாவது என்னை நம்பியது.

ஆத்திரத்தில் அடுத்த கரண்டிக்கு வாயைத் திறக்கவில்லை. சூப் உதட்டோரம் வழிந்தது. துடைக்க அவள் குனிந்து முகத்தருகே வந்தாள்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.