அக்கா வீட்டில் என் பதினோரு பெட்டிகள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை, தொலைபேசியில் வந்தது. கதைக்கரு மின்னலாக இறங்கியது என்று சொல்கிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அக்காவின் குரலில் இறங்கியது. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"டேய், உன் பெட்டிங்களை வந்து எடுத்துட்டுப் போ."

"எந்தப் பெட்டி?"

"எந்தப் பெட்டியாம்! பதினோரு வருஷமா என் வீட்டுல குடியிருக்கே, அதுதான்."

பெட்டிகளில் இருப்பது என் முதல் நாவல். அச்சடித்ததில் விற்றது போக மீதி. ('விற்றது போக' என்பது மரியாதைக்காகச் சேர்த்தது. 'மீதி' என்று மட்டும் படித்துக்கொள்ளவும்.) என் வீட்டில் இடமில்லை என்று அக்காவின் பின்னறையில் அடுக்கியிருந்தேன்.

வீட்டில் இருக்கும் சாமான்களையெல்லாம் அக்கா குறைத்துக்கொண்டிருந்தாளாம். "குறையக் குறைய நிம்மதியா இருக்குடா" என்றாள். நிம்மதியாக இருப்பவர்களை வைத்துக் கதை எழுதுவது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று அவளுக்கு என்ன தெரியும்?

2

முதல் தொடக்கம்: 'மருத்துவர் கொடுத்த கெடு ஆறு மாதம். அன்று மாலையே அவள் அலமாரியைத் திறந்து'

இதை நானாக நிறுத்தவில்லை. அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்.

"எனக்கு எதுக்குடா வியாதி குடுத்தே?"

"காரணம் வேணுமேக்கா. சும்மா ஒருத்தி வீட்டைக் காலி பண்ணுவாளா?"

"என்ன வியாதின்னாவது எழுதியிருக்கியா? ரிப்போர்ட்டே இல்லாம ஆறு மாசம்னு எந்த டாக்டர் சொல்வாரு?"

இரண்டாவது தொடக்கத்தில் அவள் கணவரை, அதாவது என் மாமாவை, இன்னொரு பெண்ணோடு ஓடவிட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அவரா? சோபாவுல இருந்து எந்திரிக்கவே ஆள் வேணும்." மாமா பக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "மாப்ள, பொண்ணு யாருன்னாவது சொல்லு" என்றார்.

3

வேறு வழியில்லை. நடந்ததையே எழுதுகிறேன்.

எட்டு மணிநேரம் நின்றபடியே வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு மாலை, கையைக் காலை விரித்துத் தரையில் படுக்கவேண்டும் என்று அக்காவுக்கு ஆசை வந்தது. பின்னறையில் படுத்தாள். இடது கை, மாமா இரண்டே நாள் மிதித்த உடற்பயிற்சி சைக்கிளில் இடித்தது. வலது கை, ரிப்பேரான மிக்சியில். தலை என் இலக்கியத்தில். மடக்கிய குடைபோல ஒருக்களித்துக் கிடந்திருக்கிறாள்.

"லேப்ல ஒரு ட்யூப் ரத்தத்தை ஏழு நாளைக்கு மேல வெச்சுக்க மாட்டோம். வேலை முடிஞ்சா போயிடும். வீட்டுல மட்டும் எதுக்குடா எல்லாத்தையும் கட்டிக்கிட்டு அழணும்?"

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். பூட்டில்லாத சாவிகள், மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள் எல்லாம் போயின. சைக்கிளுக்காக மாமா மல்லுக்கு நிற்பார், கதைக்கு ஒரு வில்லன் கிடைப்பார் என்று காத்திருந்தேன். அவர் கட்டட வேலைகளில் கிரேன் ஓட்டுபவர். "மேல கேபின்ல ஒரு சீட்டு, ஒரு தண்ணி பாட்டில், நான். அந்த நிம்மதி கீழ வந்தா ஏன் இல்லைன்னு இப்பத்தான் புரியுது மாப்ள" என்று சொல்லி, சைக்கிளைத் தானே தூக்கிப்போய் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

ஆக, அந்த வீட்டில் சாமானை எடுக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒரே ஆள் [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை].

4

ஞாயிற்றுக்கிழமை போனேன். பின்னறையில் என் பெட்டிகளைத் தவிர ஒன்றும் இல்லை.

"இங்க என்னக்கா வைக்கப்போறே?"

"ஒண்ணும் வைக்கல."

"யாராவது வந்தா தங்கவா?"

"இல்லடா. சும்மா கிடக்கட்டும்."

சும்மா கிடக்கும் அறையை எந்த எழுத்தாளனாலும் தாங்கமுடியாது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு பெட்டியை எடுக்கக் குனிந்தேன்.

"இரு" என்றாள் அக்கா. அலறுகிற குழந்தையின் கையில்கூடத் தடுமாறாமல் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். இப்போது அவள் விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. "போன்ல சொல்ல வாய் வரல. அதுல உன் புஸ்தகம் இல்ல."

ஆறு வருடங்களுக்கு முன் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கிறது. வீட்டில் யாருமில்லை. மாலையில் வந்து பார்த்தால் பெட்டிகள் கஞ்சியாகக் கிடந்தன. அக்காவும் மாமாவும் மூன்று நாள் மொட்டைமாடியில் நாவலைக் காயப்போட்டிருக்கிறார்கள். பக்கங்கள் ஒட்டி, ஊதி, ஒன்றும் தேறவில்லை. என் இரண்டாவது நாவலைப் பதிப்பாளர் திருப்பி அனுப்பி, நான் யாரோடும் பேசாமல் இருந்த மாதம் அது.

"அப்ப போய் இதையும் எப்படிடா சொல்றது?"

அதனால் அதேமாதிரி பெட்டிகள் வாங்கிப் பழைய செய்தித்தாள்களை அடைத்து, அதே இடத்தில் அடுக்கிவிட்டார்கள்.

"பழைய பெட்டி என்ன எடையோ அதே எடை மாப்ள" என்றார் மாமா. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நீ தூக்கிப் பாத்தாலும் தெரியாது. எடை விஷயத்துல நான் தப்பு பண்ணமாட்டேன்."

"ஆறு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க!"

அக்கா கத்தவில்லை. "ஒரு தடவை நீ தொறந்து பாத்திருந்தா அன்னைக்கே மாட்டியிருப்போம்டா."

[இங்கே ஒரு பத்தி அழுகை இருந்தது. பின்னணியில் மழையும் வைத்திருந்தேன். அன்று நல்ல வெயில். எடுத்துவிட்டேன்.]

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது கோபம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது சிரிப்பு. வருகிறபோதெல்லாம் அந்தப் பெட்டிகளை ஒரு பார்வை பார்த்து, உலகம் ஒருநாள் தேடிவரும் என்று நெஞ்சு நிமிர்ந்திருக்கிறேன். அதற்குப் பழைய செய்தித்தாளே போதுமானதாக இருந்திருக்கிறது.

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன்டா" என்றாள் அக்கா. "இந்தப் பொய்யை வெச்சுக்கிட்டு ரூம் காலியாயிடுச்சுன்னு சொல்ல முடியல."

அவளிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி முதல் பெட்டியை வெட்டினேன்.

5

பத்துப் பெட்டிகளைத் திறந்தோம். பத்திலும் காலாவதியான தலைப்புச் செய்திகள். பழைய பேப்பர்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

பதினோராவதைத் தொடும்போது மாமா தலையைச் சொறிந்தார்.

"இது உச்சியில இருந்த பெட்டி. அது நனையலைன்னு ஒரு ஞாபகம்."

"நனைஞ்சுதுங்க" என்றாள் அக்கா.

"இல்ல... மாத்தினோமா, அப்படியே விட்டோமா?"

குலுக்கிப் பார்த்தோம். தூக்கிப் பார்த்தோம். எடையில் கண்டுபிடிக்க முடியாது. மாமாதான் தப்பே பண்ணமாட்டாரே.

6

முடிவு அ: திறக்கிறேன். என் நாவல். முதல் பக்கத்தைப் படிக்கிறேன். நன்றாக இருந்துவிட்டால் நாசம். மறுபதிப்பு ஆசை வரும்.

முடிவு ஆ: திறக்கிறேன். செய்தித்தாள். இதற்கா ஒரு கதை என்று நீங்கள் கேட்பீர்கள்.

முடிவு இ: திறக்காமலே தூக்கிப்போட்டுவிட்டு, முகத்தில் ஒளியோடு தெருவில் நடக்கிறேன். அப்படிப்பட்ட முகம் எனக்கு அமையவில்லை.

என் மனைவி போனில் தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "பெட்டியோட வந்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் வாசல்தான்." அக்கா பின்னறைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள், ஆனால் பெட்டிக்கு அங்கே இடமில்லை. நான் தெருவில் நிற்கிறேன். கை கடுக்கிறது.

நீங்கள் இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்தவர். உங்கள் கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் இடம் இருக்குமா? ஒரே ஒரு பெட்டிதான். அடுத்த மாதம் வந்து கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறேன்.