ஐந்து பேருக்கு ஒரு கார்

மகள் போனில் சொன்னது இவ்வளவுதான். "அப்பா, இந்த லீவுக்கு நாங்க வெளிநாடு போலாம்னு இருக்கோம். ஒரே நாட்டுல பாலைவனம், பனிமலை, காடு, கடல் எல்லாமே இருக்காம். உங்களை விட்டா இதை யாரு ஒழுங்கா பிளான் போடுவா? நல்ல ஆளாப் பார்த்து நீங்களே ஏற்பாடு பண்ணிடுங்கப்பா." சொல்லிவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டாள்.

டைம்கீப்பருக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. பஸ் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் அக்கம்பக்கத்தில் பெயர் போகவில்லை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த டிரைவர் டீ குடிக்கிற சாக்கில் நான்கு நிமிடம் திருடுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படி ஊரையே விரட்டிக்கொண்டிருந்த மனிதர் இப்போது காலையில் எழுந்தால் இருட்டும் வரை வாயைத் திறக்க ஒரு காரணமும் கிடைக்காமல், மூன்று அறை வீட்டில் டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. மகள் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். ஆறு நிமிடம் பேசுவாள், மிஞ்சிப் போனால் ஏழு. பழக்க தோஷம், இவர் அதையும் காலண்டரில் குறித்து வைத்திருந்தார். வெட்கக்கேடு என்று அவருக்கே தெரியும்.

'நாங்க' என்று அவள் சொன்னது காதில் விழாமல் இல்லை. ஆனால் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே அவளுக்கு 'நாம'வும் 'நாங்க'வும் ஒன்றுதான். நாலு வயதில் இவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, நாங்க கடைக்குப் போலாமா?" என்பாள்.

"நாங்கன்னா? நான் வரக்கூடாதா?" என்று இவர் சீண்டுவார்.

"நீங்களும்தான் நாங்க!" என்று தரையை உதைப்பாள்.

திருத்தித் திருத்தி அவரும் மனைவியும் அலுத்துப்போனார்கள். கல்லூரிக்குப் போன பிறகும், "அம்மா, நாங்க எப்போ சாப்பிடறது?" என்றுதான் கேட்பாள். ஆகவே இதுவும் அதே கூத்து என்று டைம்கீப்பர் முடிவு கட்டிவிட்டார். "ரெண்டு பிள்ளை பெத்தும் இவ நாக்கு திருந்தலையே" என்று ஆளில்லாத சமையலறையைப் பார்த்துச் சொல்லவும் சொன்னார். மறுநாளே போய், காலாவதியாகிக் கிடந்த பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க எழுதிக் கொடுத்தார். போட்டோ எடுத்தவன், "சார், சிரிக்காதீங்க" என்று மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் ஒரு டிராவல்ஸ் இருந்தது. ஒரே மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் குண்டூசி குத்திய உலகப் படம். முதலாளியும் சிப்பந்தியும் எல்லாமே ஒரு பெண்தான். நாற்பது வயது இருக்கும்.

"எங்க கிட்ட ரெடிமேட் கிடையாது சார். எல்லாம் அளவெடுத்துத் தைக்கிறதுதான்" என்றாள்.

"அப்ப எடுங்க அளவை" என்று டைம்கீப்பர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அவள் சிரித்துவிட்டாள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தன் பேச்சுக்கு ஒருவர் எதிரே உட்கார்ந்து சிரித்து எத்தனை நாள் ஆகிறது என்று யோசித்துப் பார்த்தார். கணக்குக் கிடைக்கவில்லை.

அவள் நிஜமாகவே அளவெடுத்தாள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? படி ஏறுவீர்களா? குளிர் தாங்குமா? காரில் போனால் தலை சுற்றுமா? தூக்கத்தில் யாராவது குறட்டை விடுவீர்களா? டாக்டர்கூட இப்போதெல்லாம் தலை நிமிராமல் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். இவளோ பேனாவை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். டைம்கீப்பர் ஒவ்வொரு கேள்விக்கும் ஆதியோடந்தமாகப் பதில் சொன்னார். வலது முழங்காலின் கதையே இருபது நிமிடம் ஓடியது. குறட்டை தான்தான் என்று ஒப்புக்கொண்டு, தனக்கு மட்டும் தரைத்தளத்தில் தனி அறை கேட்டார்.

இரண்டு முறை போனால் முடிகிற வேலைக்கு ஏழு முறை போனார். பனிமலைக்குக் கையுறை ஒரு ஜோடி போதுமா என்று கேட்க ஒரு நாள். பாலைவனத்தில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கிறது என்று கேட்க ஒரு நாள். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்து நாளையும் பஸ் அட்டவணை போலக் கட்டம் கட்டி எழுதினார். எரிமலை ஏரிக்கரையில் இரண்டு இரவு, பேத்திக்குக் கடலாமை பார்க்க ஒரு காலை, பேரனுக்கு மணல்மேட்டில் சறுக்க ஒரு மாலை. நோட்டில் இடமும் நேரமும் மட்டும்தான்; அறைக் கணக்கும் கார் கணக்கும் டிராவல்ஸ் கோப்பில் இருந்தன. ஒவ்வொரு நாளும் எழுதி முடித்ததும் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவார். அவள் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவாள். பார்க்கிறாள் என்பதே இவருக்குப் போதுமாக இருந்தது.

சண்டை வந்தது அட்டவணையின் நாலாம் நாளில்தான். பனிமலையிலிருந்து மழைக்காட்டுக்குப் போக வேண்டும்.

"பிளைட்ல ஐம்பது நிமிஷம் சார்."

"ரோட்டுல?"

"ஏழு மணி நேரம். யாருமே அப்படிப் போறதில்லை. வழியில ஒண்ணுமே கிடையாது, வெறும் பொட்டல்."

"பொட்டலா? ரொம்ப நல்லதாப் போச்சு. ரோட்டுலயே போடுங்க. அஞ்சு பேர் தாராளமா உட்கார்ற மாதிரி பெரிய காரா இருக்கட்டும்."

"குழந்தைங்க நச்சரிப்பாங்க சார்."

"தூங்கிடுவாங்க."

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. டைம்கீப்பரும் விளக்கவில்லை. ஆயுள் முழுக்க வழியில் நிமிடங்களைக் கழித்துக்கொண்டே இருந்தவர், இந்த ஒரு வழியை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டப் பார்த்தார். மாப்பிள்ளை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காருவார். பிள்ளைகள் பின்னால் படுத்துவிடும். நடு சீட்டில் இவரும் மகளும். ஏழு மணி நேரம் என்றால் அறுபது ஞாயிற்றுக்கிழமை.

அவளிடம் சொல்ல ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முந்தின நாள் மனைவி, "அவளைக் கூப்பிடுங்க, ஒரு வார்த்தை பேசணும்" என்றாள். இரண்டு முறை சொன்னாள். பேத்தி அப்போது கைக்குழந்தை. மகள் பதறியடித்துக்கொண்டு ஓடிவருவாள், இங்கே டாக்டரோ பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் என்று இவர், "நாளைக்குக் கூப்பிடறேன்" என்றார். மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாய் தன்னைக் கேட்டாள் என்பது மகளுக்கு இன்றுவரை தெரியாது. இதைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆறு நிமிடப் போனில் எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது? ஓடுகிற காரில், ஜன்னலைப் பார்த்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொல்லிவிடலாம். அழுதால் அழட்டும்; இறங்குவதற்குள் அழுது முடித்துவிடுவாள். அவ்வளவு யோசித்துத்தான் அந்தப் பொட்டலைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

ஏழாவது தடவை போனபோது பாஸ்போர்ட்டுகள் சேர்ந்துவிட்டன. மகள் அனுப்பிய நான்கின் நகல்கள், மேலே இவருடைய புத்தம் புதியது. டிக்கெட் போடுவதற்கு முன்னால் பயணம் போகிறவர் வாயால் ஒருமுறை கேட்டுக்கொள்வது அந்தப் பெண்ணின் வழக்கம். மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"மேடம், டிராவல்ஸ்லேருந்து பேசறேன். அப்பாவும் இங்கதான் இருக்காங்க. அஞ்சு பேருக்கும் டிக்கெட் போட்டுடலாமா?"

"அஞ்சா? நாங்க நாலு பேர்தானே. நானு, அவரு, பசங்க ரெண்டு பேர்."

அந்தப் பெண் தலையைத் தூக்கி டைம்கீப்பரைப் பார்த்தாள். ஐந்தாவது பாஸ்போர்ட் அவள் கைக்கு அடியில்தான் இருந்தது. "இல்லீங்க மேடம், இங்க சாரோட..." என்று ஆரம்பித்தாள்.

டைம்கீப்பர் சட்டென்று போன் பக்கம் குனிந்தார். "என் தப்பும்மா. பசங்களை மூணுன்னு எண்ணிட்டேன்."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "மூணா? எனக்கே தெரியாம ஒண்ணா? அப்பா, உங்களுக்கு நிஜமாவே வயசாயிடுச்சுப்பா!"

"ஆயிடுச்சும்மா."

முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு வண்டியைக்கூட எண்ணத் தவறாதவர் அவர். தன் பெயரில் அப்படி ஒரு பழியைத் தானே தூக்கிப் போட்டுக்கொண்டது அன்றுதான்.

"பிளான் சூப்பர்ப்பா. அவரு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டாரு. நாங்க திரும்பி வந்ததும் நாம எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து போட்டோ பார்க்கலாம், என்ன?"

நாங்க, நாம. இரண்டும் அதனதன் இடத்தில் பிசகாமல் உட்கார்ந்திருந்தன. எப்போது திருந்தினாள், யார் திருத்தினார்கள், எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் இல்லாத வருடங்களில் எப்போதோ நடந்திருக்கிறது.

"அம்மாடி, ஒரு நிமிஷம்" என்றார்.

"சொல்லுங்கப்பா. மீட்டிங் ஆரம்பிக்கப் போறாங்க, சீக்கிரம்."

டைம்கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பனிமலைல குளிரும். பசங்களுக்கு ஸ்வெட்டர் ரெண்டு ரெண்டா எடுத்துக்கோ."

"சரிப்பா." போன் நின்றது.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் கோப்பைச் சரி செய்கிற மாதிரி பாசாங்கு செய்தாள். பிறகு மெதுவாக, "சார், சீட்டெல்லாம் இருக்கு. அவங்களுக்குத் தோணாம இருந்திருக்கும். நான் வேணா பேசிப் பார்க்கட்டுமா? கேட்டா சரின்னுதான் சொல்லுவாங்க" என்றாள்.

"சரின்னுதான்மா சொல்லுவா. அதான் வேண்டாங்கறேன்."

மகள் கெட்டவள் இல்லை. முழங்கால் வலிக்காரரான அப்பா பனிமலைக்கு ஆசைப்படுவார் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். இப்போது கேட்டால் இரண்டு நொடி பேச்சு நின்று, அப்புறம் 'சரிப்பா, வாங்களேன்' என்று வரும். அந்த இரண்டு நொடியைத் தாங்கிக்கொள்ள அவரால் முடியாது. அழுகை வந்தது. ஒரு வாடிக்கையாளராக வந்த இடத்தில் அழுது வைக்கக் கூடாது என்று கைக்குட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

பிறகு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, ஒரு நாளும் விடாமல் தன்னை வெளியே எடுத்தார். தரைத்தள அறை வேண்டாம். குறட்டைக்காரருக்கான தனி அறை வேண்டாம். மெதுவாகக் கிளம்புகிற காலைகள் வேண்டாம். சின்னவர்கள், விடியற்காலையிலேயே கிளம்பட்டும். பெரிய கார் எதற்கு, சின்னதே போதும். அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் அடித்துக்கொண்டே வந்தாள். நாலாம் நாளுக்கு வந்ததும் பேனா நின்றது.

"இதுக்கு பிளைட்டே போட்டுடுங்கம்மா."

"ஐம்பது நிமிஷம்தான் சார். பார்க்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"அந்த ரோட்டுல மட்டும் என்ன இருக்கு? வெறும் பொட்டல்."

புதிய பாஸ்போர்ட்டை அவள் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சார், ஒரே ஒரு விவரம் பாக்கி" என்று அவள் ஒரு படிவத்தைத் தயங்கித் தயங்கித் தள்ளினாள். "அவசரம்னா யாரைக் கூப்பிடணும்னு எழுதணும். கூடப் போறவங்களா இருக்கக் கூடாது. ஊர்லயே இருக்கற நெருங்கின சொந்தமா வேணும்."

டைம்கீப்பர் மறுபடி உட்கார்ந்தார். உறவு என்ற இடத்தில் 'அப்பா' என்று எழுதினார். போன் நம்பரை எழுதி, ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்தார்.

"எந்த நேரத்துல கூப்பிட்டாலும் எடுப்பீங்களா சார்? அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு, டிக் பண்ணணும்."

"பண்ணிக்கோங்கம்மா" என்றார். "வீட்லதான் இருப்பேன்."