செவலையின் விலாவில் ஒரு கை

1
இந்தக் கதை ஒரு இருமலில் தொடங்கியது. கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டை ஒட்டிய மாட்டுக் கொட்டகை. யாரோ மனிதர் இருமுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். இருமியது செவலை, சினைப் பசு.

முதலில் எழுதிய வரி வேறு: 'ஷாலு இறந்த பிறகு நான்

[என் மனைவி. போன மழைக்காலம். நுரையீரல் தொற்று. ஏன் அவளுக்கு என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியவில்லை.]

2
கொட்டகை வரலட்சுமியுடையது. அவரிடம்தான் பால் வாங்குகிறேன். மழையும் கரித்தூளும் புகாதபடி நாலு பக்கமும் பழைய பேனர்களைக் கட்டியிருந்தார். சந்தையில் வாங்கிய புது மாட்டை வந்த அன்றே செவலையின் பக்கத்தில் கட்டினார். பாதியாக அறுத்த நீல டிரம்மில் இரண்டும் சேர்ந்து குடித்தன.

"ஒரே தொட்டில குட்ச்சாதான் நைனா முட்டிக்காம பழகும். நாங்க எப்பவும் அப்டிதான்."

அடுத்த வாரம் இருமல்.

3
கால்நடை மருத்துவர் ஜஸீமா வந்தார். [இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. காரணத்தை இவ்வளவு தெளிவாக யார் சொல்வார்கள்? ஆனால் சொன்னார்.]

"வைரஸ்தான். புது மாடு கொண்டு வந்திருக்கும். கொஞ்ச நாள் தனியா கட்டியிருக்கணும். ஒரே தண்ணி, இடநெருக்கடி, இதுல காத்தும் இல்ல."

"குளுரும்னு மூடுனேன், அது ஒரு தப்பா? புள்ளத்தாச்சியா கீது டாக்டரம்மா."

"குளிரை மாடு தாங்கும். அடைச்சு வெச்ச மூச்சைத் தாங்காது."

"பொழைக்குமா?"

"இப்போ சொல்ல முடியாது."

காரணம் அத்தனையும் தெரிந்தும் அதே பதில். நான் எழுதுவதை நிறுத்திவிட்டு

4
பேனர்களை அவிழ்த்தோம். காலை வெயில் சாய்வாக விழுந்தது. அதில் தூசி மிதந்தது. புது மாடு மூச்சு விட்டதும் தூசி சுழன்று நகர்ந்து செவலையின் மூக்கருகே போய் உள்ளே மறைந்தது. காற்று கைமாறுவதைக் கண்ணால் பார்த்தேன். எல்லோருக்கும் இடையே எப்போதும் இதுதான் நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கும் ஷாலுவுக்கும்கூட.

"இன்னா நைனா, மாட்ட பாத்ததே இல்லியா? கயித்தப் புடி, புது மாட்ட அந்தாண்ட கட்டலாம்."

பிடித்தேன்.

5
முடிவு ஒன்று: செவலை பிழைத்துக் கன்று ஈன்றது. [அழகாக இருந்தது. கோடு போட்டு அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: செவலை

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. அதன் விலாவில் கை வைத்தேன். மூச்சை இழுத்தது. விலா விரிந்து என் கையைத் தள்ளியது. ஓர் உடலுக்குள் இத்தனை காற்று போகும் என்று நான் அறிந்ததில்லை.

அது மூச்சை விடுவதை நான் எழுதப்போவதில்லை. கையை எடுத்துக்கொள்கிறேன். அதே இடத்தில் நீங்கள் வையுங்கள்.