பக்கத்துத் துண்டின் பார்ஸ்னிப்

அடுத்தவர் தோட்டத்தில் களை மண்டிக் கிடந்தால் எனக்கு நித்திரை வராது. இது ஒரு வருத்தம், மருந்து எடுங்கோ என்று மனைவி சந்திரவதனா சொல்லுவாள். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மோர்டனில், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் வாடகைத் தோட்டக் காணி இருக்கிறது. ஆளுக்கொரு துண்டு. என்னுடையது பதினேழு. அதில் ஒரு புல்லைக் காட்டுங்கள், தில்லையம்பலம் என்ற பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

பதினெட்டாம் துண்டு மரியநாயகத்தாருடையது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவருக்குத் துப்புரவு பற்றிய கவலையே இல்லை. வாளி ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம், நடுவில் மனுசன் பாட்டுப் பாடிக்கொண்டு நிற்பார். ஆனால் மண்ணுக்குள் கையை விட்டால் கிழங்கு கிழங்காக வரும். போன வருடம் எங்கள் தோட்டச் சங்கம் வைத்த கண்காட்சியில் அவருடைய பார்ஸ்னிப்புக்கு முதற்பரிசு. வெள்ளைக் கரட் மாதிரி இருக்கும் அந்தக் கிழங்கை முதல் உறைபனி விழும்வரை மண்ணிலேயே விட்டுவைத்தால்தான் இனிப்பு ஏறும் என்று மேடையில் நின்று வகுப்பு வேறு எடுத்தார். வருடம் முழுக்கக் களை பிடுங்கிய எனக்கு ஆறுதல் பரிசு. பொறாமையா என்று கேட்டால், பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன செய்ய?

இந்த வருடம் ஜூலைக்குப் பிறகு அவரைக் காணவில்லை. அவருடைய நம்பர் என்னிடம் இருந்தது. ஒரு போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கொடிக்களை அவருடைய வேலியைத் தாண்டி என் உள்ளிப் பாத்திக்குள் தலை நீட்டியபோது எனக்கு வந்தது கவலை இல்லை, கோபம். ஒக்டோபர் முதல் கிழமை சங்கச் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதினெட்டாம் துண்டு கைவிடப்பட்டுவிட்டது, அதில் பயிர் என்று எதுவும் இல்லை என்று எழுதி ஒரு படமும் வைத்தேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும். பயிர் இருந்தது. களைக்குள்ளே பீற்றூட் தோள் காட்டிக்கொண்டு நின்றது. பார்ஸ்னிப் இலைகள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. படம் எடுக்கப் போனபோது அவை விழாத மூலையாகப் பார்த்துத்தான் நின்றேன். தெரியாமல் செய்த பிழை என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை மரியநாயகத்தாரின் மனைவி பெனிற்றா வந்தாள். அவருடைய பெரிய கோட்டைப் போட்டிருந்தாள். கையில் ஒரு கடிதம்.

“அண்ணை, உங்களைத்தான் பார்க்க வந்தனான். அவருக்கு ஜூலையில பாரிசவாதம் வந்திட்டுது. வலப்பக்கம் முழுக்க இழுத்துப்போட்டுது. மூண்டு மாசத்துக்கு மேல ஆஸ்பத்திரி. போன கிழமைதான் வீட்டை கொண்டுவந்தனாங்கள்.”

அவள் கையிலிருந்த கடிதத்தை விரித்தாள்.

“இந்தக் கடிதம் குவியலுக்குள்ள கிடந்தது, இப்பதான் கண்டனான். வாற சனிக்கிழமைக்குள்ள துப்புரவாக்காட்டி துண்டை எடுத்துப்போடுவினமாம். ஆரோ அறிவிச்சிருக்கினம். ஆரெண்டு போடேல்லை.”

“அவருக்குத் தெரியுமோ?”

“சொல்லேல்லை. தோட்டம் போட்டுதெண்டால் அவர் எழும்பமாட்டார் அண்ணை. விடிஞ்சால் ஒரே கேள்விதான், பனி விழுந்திட்டுதோ எண்டு. பார்ஸ்னிப் கிண்டவேணுமாம்.” கடிதத்தை என்னிடம் நீட்டினாள். “எனக்கு இவையளுக்கு எழுதத் தெரியாது. நீங்கள்தான் நல்லாய் எழுதுவியள். ஒரு பதில் எழுதித் தாங்கோ.”

கொட்டிலுக்குள் இரண்டு வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். போனில் செயலாளரின் முகவரிக்கு முதல் எழுத்தைத் தட்டியதும் மிச்சத்தை அதுவே நிரப்பியது. ஏற்கெனவே எழுதிய இடமல்லவா. பெனிற்றா எட்டிப் பார்க்கிறாளோ என்று போனைச் சரித்துப் பிடித்துக்கொண்டேன். அவள் பார்க்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே களையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோய், ஆஸ்பத்திரி, மண்ணுக்குள் இருக்கும் பயிர் எல்லாவற்றையும் விபரமாக எழுதி, அவள் பெயரைப் போட்டு அனுப்பினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல கடிதம் எழுதியதில்லை. அந்த நேரத்தில் மண் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோசமாகப் போயிருப்பேன்.

அந்தக் கிழமை முழுக்க என் துண்டுப் பக்கம் நான் போகவில்லை. கொடிக்களையை வேரோடு இழுத்தேன். பீற்றூட்டைப் பிடுங்கி இலையைத் திருகி எறிந்தேன். கரட்டுகள் கல்லில் முட்டி இரண்டு கால், மூன்று கால் விட்டிருந்தன. வெறுமையான பாத்திகளில் எருவைப் பரப்பி, மேலே காட்போட் மட்டைகளை விரித்து, குளிர்காலத்துக்குக் கறுப்புப் பொலித்தீனால் மூடினேன். பெனிற்றா முதியோர் கெயார் ஹோமில் ஷிப்ட் முடிந்து நேரே வருவாள். சீருடைக்கு மேல் கோட்டைப் போட்டபடி குனிந்து வேலை செய்வாள்.

“அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான். அவர்தான் உங்களைக் காட்டினவர்,” என்றாள் ஒருநாள். நான் பொலித்தீனின் மேல் கல்லை வைப்பது போலத் திரும்பிக்கொண்டேன். ஒரு கல்லுக்குப் பதில் நாலு கல்லு வைத்தேன்.

வியாழக்கிழமை உறைபனி விழுந்தது. சனிக்கிழமை காலையில் பார்ஸ்னிப் வரிசையில் மண் கிண்டும் ஃபோர்க்கை இறக்கினோம். மேல்மண் அப்பளமாக நொறுங்கியது. என் முழங்கை நீளத்தில் ஒன்று, முறியாமல், வெள்ளை வெளேரென்று வந்தது. பெனிற்றா அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறாள் போல. எனக்கு அழுகை வந்தது.

பத்து மணிக்குச் செயலாளர் வந்தார். உயரமான வெள்ளைக்காரப் பெண். பாத்தி பாத்தியாகப் பார்த்தார். முழுதும் திருப்தி, துண்டு உங்களுடையதுதான் என்று பெனிற்றாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். முறைப்பாடு யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாதா?

“நல்ல அயலவர் கிடைத்திருக்கிறார் உங்களுக்கு,” என்றார். கிண்டலா, இல்லையா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பெனிற்றா பெரிதாகத் தலையாட்டினாள்.

கிழங்குப் பையை நான் தூக்கிக்கொண்டு அவளோடு வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க அவள் என்னைப் புகழ்ந்துகொண்டே வந்தாள். வாசலில் அவள் கதவைத் திறக்கத் திறப்பை எடுத்தபோது எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“பிள்ளை, அறிவிச்சது நான்தான்.”

“எதை?”

“தோட்டத்தை. கைவிட்டாச்செண்டு எழுதினது நான்தான்.”

பாதி திறந்த கதவில் அவளுடைய கை திறப்போடு நின்றது. பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“உள்ளுக்குக் கிழங்கு இருக்கெண்டு தெரிஞ்சுமோ?”

“ஓம்.”

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவளுடைய முகம் மெல்ல மெல்லச் சிவந்தது, அவ்வளவுதான். உள்ளே இருந்து மரியநாயகத்தாரின் குரல், பாதிச் சொல்லாக, யாரென்று கேட்டது.

“நான் உள்ளுக்கு வந்து அவரிட்ட மன்னிப்புக் கேக்கிறன்,” என்றேன்.

“வேண்டாம்.” கதவை மெல்லச் சாத்திப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். “கேட்டுப்போட்டு நீங்கள் நிம்மதியாய் வீட்டை போவியள். அவர் என்ன செய்யிறது? இவ்வளவு நாளும் ஒரு சனம் எட்டிப் பார்க்கேல்லை. தில்லை பக்கத்தில இருக்கிறார், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளுவார் எண்டு சொல்லிச் சொல்லித்தான் அந்த மனுசன் கையைத் தூக்கப் பழகுது. அதையும் பிடுங்கிப்போடாதேங்கோ.”

“பிள்ளை...”

“இது என்னோட கிடக்கட்டும். நீங்கள் முகத்தைத் துடைச்சுக்கொண்டு வாங்கோ. இனிச் சனிக்குச் சனி வரவேணும்.”

மரியநாயகத்தார் யன்னலோரம் கதிரையில் இருந்தார். பாதியாக மெலிந்திருந்தார். நீளக் கிழங்கை அவருடைய மடியில் வைத்தேன். இடது கையால் தடவி, மண்ணை நகத்தால் சுரண்டி, மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். வாயின் ஒரு பக்கம் சிரித்தது. பிறகு கிழங்கை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். அந்த ஒரு கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“பெரிய... உபகாரம்... தில்லை,” என்றார். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துக் கொண்டுவந்தார். கண் கலங்கியிருந்தது.

“எங்களுக்குள்ள என்ன அண்ணை இது,” என்றேன்.

சொல்லி முடியும்வரை பெனிற்றா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.